எதிர்வீட்டுக்காரர் உயர்த்திய வண்டி

அன்புள்ள குட்டிக்கு,

நாமக்கல் வெயிலைத் திட்டி எழுதியிருந்தாய். டாலஸ் வெயிலும் சளைத்ததில்லை, அதை விடு. எதிர்வீட்டுச் சங்கதி முற்றிவிட்டது. உன்னிடம் கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அந்த மனுஷர் ஓய்வு பெற்றதும் முக்கால் டன் டீசல் பிக்கப் ஒன்று வாங்கினார் என்று முன்பே எழுதினேனே? வாங்கிய கையோடு அதை ஆறு அங்குலம் தூக்கி, 35 அங்குல டயரும் மாட்டிவிட்டார். சேற்றில் இறங்கவா, பாறையில் ஏறவா? சர்ச்சுக்கும் மளிகைக் கடைக்கும் போய்வரத்தான்! அவர் மனைவி, அந்த அம்மாவுக்கு முட்டிவலி. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுகிறார்.

இப்போது பின்னால் இழுக்க ஒரு வீடும் வந்துவிட்டதடி. படுக்கையறை, அடுப்படி, குளியலறை எல்லாம் உள்ள ஃபிஃப்த் வீல் டிரெய்லர். உங்கள் ஊருக்கு லாரி பாடி எப்படியோ, இந்தியானாவின் எல்கார்ட் வட்டாரத்துக்கு இந்த வீட்டு டிரெய்லர் அப்படி. அங்கே செய்ததுதான் இதுவும். பட்டறைக்கார அண்ணனுக்கு நான் விளக்கவே வேண்டாம். உங்கள் டிரெய்லர் லாரியில் இருக்கிற அதே கிங்பின், அதே தட்டு, அளவில் சிறியது. பிக்கப்பின் தொட்டிக்குள், பின்னச்சுக்கு நேர் மேலே தட்டு உட்காரும், டிரெய்லரின் கிங்பின் அதில் கோர்க்கும். பம்பருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற டிரெய்லர் காற்றடித்தால் வாலாட்டும். இது அவ்வளவாக ஆட்டாது. ஆமரில்லோ பக்கத்துக் காற்றில் ஓட்டுகிறவர்கள் அதற்காகவே இதை வாங்குகிறார்கள்.

முதல் நாள் கோர்த்ததை என் சமையலறை ஜன்னல் வழியே முழுக்கப் பார்த்தேன். (வேலை கிடந்தது, கிடக்கட்டும் என்று விட்டேன்.) டிரெய்லரின் முன்கால்களை முழுக்க நீட்டியும் தட்டின் உயரம் எட்டவில்லை. அடியில் மரக்கட்டைகளை அடுக்கினார். அந்த அம்மா பின்னால் நின்று வலக்கை காட்ட, இவர் இடப்பக்கம் திருப்ப, தெருவே வேடிக்கை பார்த்தது. ஒருவழியாகக் கோர்த்தபின் பார்த்தால், டிரெய்லர் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது! மூக்கு தூக்கினால் சுமை பின்பக்கம் சாயும். இரண்டு அச்சில் பின்னது அதிகமாகத் தாங்கும், அந்த டயர்கள் சூடேறி வெடிக்கும், வால் பள்ளத்தில் உரசும்.

தட்டை இறக்கினால் போச்சு என்று நீ கேட்பாய். நானும் அப்படித்தான் கேட்டேன். அங்கேதான் சிக்கல். வண்டியைத் தூக்கியபோது தொட்டியின் பக்கச் சுவர்களும் சேர்ந்து உயர்ந்துவிட்டன. அந்தச் சுவருக்கும் டிரெய்லரின் அடிவயிற்றுக்கும் ஐந்தாறு அங்குலம் இடைவெளி வேண்டும். தட்டை இறக்கி டிரெய்லரை மட்டமாக்கினால் அந்த இடைவெளி போய்விடும். ஒரு வேகத்தடை போதும், தகரம் நசுங்க.

அவர் அசரவில்லை. அப்படியானால் டிரெய்லரையும் தூக்கிவிடலாம் என்கிறார்! ஸ்பிரிங் பட்டைக்கு மேலே இருக்கிற அச்சைப் பட்டைக்குக் கீழே மாற்றிப் போட்டால் நாலைந்து அங்குலம் உயரும். பலர் செய்கிறார்கள், வழக்கமான வேலைதான். ஆனால் இந்த மாதிரி டிரெய்லர் ஏற்கெனவே பதின்மூன்றடியைத் தொட்டு நிற்கும். டெக்சாஸில் 14 அடி வரை விடுவார்கள், பல மாநிலங்களில் 13 அடி 6 அங்குலம்தான். வட கரோலினாவில் டர்ஹாம் என்ற ஊரில் ஒரு ரயில் பாலம், வெறும் 11 அடி 8 அங்குலம். லாரிக் கூரைகளை உரித்து உரித்தே உலகப் பிரசித்தி பெற்றது. 2019இல் எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். அதன்பிறகும் போய் முட்டுகிறவர்கள் உண்டு. அந்த வீடியோக்களை எல்லாம் அந்த அம்மா கணவருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

அந்த அம்மா பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவரடி! வேலியோரம் என்னைக் கூப்பிட்டு, ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரைப் படம் பிடித்துக் காட்டினார். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி சுமக்கலாம் என்பது 2,100 பவுண்டு, ஏறக்குறைய 950 கிலோ. டிரெய்லர் நிரம்பினால் 12,000 பவுண்டு. ஃபிஃப்த் வீலில் அதில் ஐந்தில் ஒரு பங்கு கிங்பின் வழியாக வண்டி முதுகில் இறங்கும் என்று வைத்துக்கொண்டால், அதுவே 2,400. இவர்கள் இருவர், நாய், தட்டு, அந்தப் பெரிய டயர்களின் கூடுதல் கனம் எல்லாம் அதற்கு மேல். டிரெய்லர் விற்ற பையன், வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதை மட்டும் வாய் கிழியப் பேசினானாம். எவ்வளவு சுமக்கும் என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பெரிய டயரால் இன்னொரு வம்பு. சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போவதால் கியர் விகிதம் கெட்டு, மேட்டில் இழுவை குறையும், பிரேக்குக்கும் வேலை கூடும். மீட்டரைத் திருத்தாவிட்டால் அது காட்டுவதைவிட வேகமாகத்தான் போவோம். இந்த லட்சணத்தில் முதல் பயணம் பாலோ டூரோ பள்ளத்தாக்குக்காம். அங்கே இறங்குகிற சாலையில் பத்து சதவீதச் சரிவு இருக்கிறது.

நடுவில் காலனிச் சங்கத்திலிருந்து, தெருவில் டிரெய்லர் நிற்கக் கூடாது என்று காகிதம் வேறு. அவர் அதைப் படித்துவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். என்னைக் கேட்டால், தூக்கியதைப் பழையபடி இறக்கிவிட்டு, கம்பெனி டயரையே மாட்டி, எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு இன்னும் சின்ன டிரெய்லராக மாற்றிக்கொள்வதுதான் வழி. அந்த அம்மா கட்சியும் இதுதான்.

அண்ணனிடம் மறக்காமல் ஒன்று கேட்டு எழுது. இழுக்கிற வண்டியை அழகுக்காக அரையடி தூக்கிக்கொண்டு ஒருவர் உங்கள் பட்டறைக்கு வந்தால், அங்கே என்ன சொல்லி அனுப்புவார்கள்? கொஞ்சம் காரசாரமாகவே எழுது. நான் மொழிபெயர்த்துச் சொல்வதாக அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உன்
பழைய பெஞ்சுக்காரி