பொஸ்டன் நகரத்துக் குட்டிக்கோவா

ஊர்ப்பெயரைத் தாங்கி நிற்கும் காய்கனிகள் பல. அவற்றுட் சில, பெயர் தந்த ஊரை விட்டு நெடுந்தூரம் சென்று, வேறொரு மண்ணிலே குடியேறிப் புகழ் பெறுவதும் உண்டு. கறுத்தக்கொழும்பான் மாமரத்தைக் கொழும்பு வீதிகளிலே தேடி அலைபவன் களைத்துப் போவான். யாழ்ப்பாணத்து வளவுகளுக்கு வந்தால் நிழலிலே அமர்ந்து உண்ணலாம். ஆங்கிலர் 'பிரசெல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ்' என வழங்கும் குட்டிக்கோவாவின் கதையும் இத்தகையதே. பெயரோ பெல்ஜிய நாட்டுத் தலைநகருக்கு உரியது. அதனை வயல் வயலாகக் காண விரும்பினாலோ இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள லிங்கன்ஷயருக்குச் செல்லவேண்டும்.

கடந்த நத்தார் விடுமுறையில் இவ்விரண்டு இடங்களையும் அடுத்தடுத்துக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. 2003ஆம் ஆண்டிலே எங்கள் கல்லூரியில் சில மாதங்கள் ஆங்கிலம் கற்பித்துச் சென்ற ஓர் அம்மையார், இன்று பொஸ்டன் நகருக்கு அண்மையில் தம் கணவரோடு ஓய்வு வாழ்க்கை நடத்துகின்றார். "நத்தாருக்கு வாருங்கள், மாஸ்டர். குட்டிக்கோவாவைப் பேக்கனோடு பிரஷர் குக்கரில் சமைப்பேன். உங்களுக்குப் பேக்கன் ஆகாது என்பதை மறக்கவில்லை" என்று எழுதியிருந்தார். பேக்கன் என்பது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றியிறைச்சி. நான் பிறப்பாலும் விருப்பாலும் மரக்கறி உணவினன். எனினும் அழைப்பை ஏற்றுக்கொண்டேன்.

இக்காய்கறியைக் காணாதார் பொருட்டு ஒரு சொல். நாமறிந்த கோவா நிலத்தோடு ஒட்டி ஒரே தலையாகத் திரள்வது. குட்டிக்கோவாவோ இரண்டு மூன்றடி உயரத்துக்கு நிமிர்ந்து வளரும் தடித்த தண்டிலே, ஒவ்வோர் இலைக்காம்பின் கக்கத்திலும் ஒன்றாக, சிறு தேசிக்காய் அளவில், அடியிலிருந்து நுனிவரை சுற்றிச் சுற்றிக் காய்த்திருக்கும். காய்த்திருக்கும் என்றேனாயினும் அது காயன்று, அரும்பு. தாவரவியல் பயிலும் மாணவர் இதனைக் கக்கவரும்பு என்று உடனே இனங்காண்பர்.

பிரசெல்ஸ் நகரின் தென்புறத்தே சேன் ஜீல் என்றொரு பகுதி உண்டு. முற்காலத்தில் அதற்கு மேற்பிரசெல்ஸ் எனப் பொருள்படும் பெயர் வழங்கிற்று. அவ்வூரார்க்கு இன்றுவரை நிலைத்துள்ள பட்டப்பெயர் 'கூல்காப்பர்' என்பது. கோவா வெட்டுவோர் என்பது அதன் பொருள். நிலம் குறுகிய நகரோரத்திலே, அகன்று படரும் பயிரைவிட உயர்ந்து வளரும் பயிரே ஆதாயமானது எனக் கண்டு, அவ்வூர்த் தோட்டக்காரர் இதனைப் பேணி வளர்த்தனர் என்பர். இன்று அங்கே ஒரு பாத்தி நிலமும் இல்லை. பெல்ஜியத்தில் மக்கள் மிக நெருங்கி வாழும் பகுதிகளில் அதுவும் ஒன்று. போர்த்துக்கேயரும் மொரோக்கோ நாட்டவரும் நடத்தும் கடைகள் வீதிதோறும் உள்ளன. 1904இல் திறக்கப்பெற்ற மாநகர மண்டபம் அரண்மனை போல எழுந்து நிற்கின்றது. அதன் முன்னுள்ள சந்தையிலே கோவா வெட்டுவோரின் வழித்தோன்றல்கள், வேற்றூர் வயல்களில் விளைந்த குட்டிக்கோவாவை விலை கேட்டு வாங்கிச் செல்கின்றனர். இன்னொரு விந்தை: கடலடிச் சுரங்கவழியாக இலண்டனுக்குப் புகையிரதம் புறப்படும் தென்நிலையமும் இந்தச் சேன் ஜீல் எல்லைக்குள்ளேயே அமைந்துள்ளது. குட்டிக்கோவா பிறந்த மண்ணில் ஏறி, இரண்டு மணி நேரத்தில் இலண்டனில் இறங்கினேன்.

பொஸ்டனுக்குச் செல்லும் வண்டிக்கு இன்னும் சில மணி நேரம் இருந்தது. அதனைப் பிஷப்ஸ்கேட் என்னும் வீதியிலே செலவிட்டேன். அங்கே இப்பொழுது கண்ணாடி மாளிகைகளைத் தவிர வேறெதுவும் இல்லையே, ஏன் போனீர் என்று கேட்பீர்கள். என்னை அழைத்த அம்மையார் எழுதிய அந்தப் பிரஷர் குக்கரின் முதற் பாட்டன் உலகின்முன் தோன்றியது அவ்வீதியிலேதான். கிரெஷாம் கல்லூரி அக்காலத்தில் அங்கிருந்தது. அரச கழகத்து அறிஞர் அதிலே கூடுவர். பிரான்ஸ் நாட்டில் புளுவா நகருக்கு அணித்தாக 1647இல் பிறந்த தெனி பப்பான் என்பார், 1679இல் தாம் அமைத்த இரும்புக் கலத்தை அவர்கள்முன் இயக்கிக் காட்டினார். மூடியை இறுக்கி நீராவியை உள்ளே அடக்கினால் எலும்பும் குழைந்துவிடும் என்பது அவர் கண்ட உண்மை. அமுக்கம் மிகுந்து கலம் வெடித்துவிடாதபடி, பாரந் தூக்கிய ஒரு நெம்புகோலை வாயிலிலே பொருத்தினார். இன்று நம் அடுப்பங்கரையிலே சீறுகின்ற 'வெயிற்' அதன் வழிவந்ததே. 1682ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் அக்கலத்திலேயே சமைத்து அறிஞர்களுக்கு இராவிருந்தும் அளித்தார். ஜோன் ஈவ்லின் என்பவர் தம் நாட்குறிப்பில் அதனை எழுதிவைத்துள்ளார்.

பப்பான் புரட்டஸ்தாந்து சமயத்தவர். 1685இல் பிரெஞ்சு மன்னன் அச்சமயத்தார்க்கு இருந்த உரிமைகளைப் பறித்தபின் அவர் தம் நாட்டுக்குத் திரும்ப இயலவில்லை. ஜெர்மன் நாடுகளிலே பல்லாண்டு உழைத்து, மீண்டும் இலண்டனுக்கு வந்து, வறுமையிலே வாழ்வை முடித்தார். வீடுதோறும் சோறும் பருப்பும் விரைந்து வேக வழிசெய்தவனுக்குக் கடைசிக் காலத்தில் அடுப்பெரிக்கவே பணம் போதாதிருந்தது என்பதை நினைத்துக்கொண்டே புகையிரதம் ஏறினேன்.

மாணவருக்காக அக்கலத்தின் தத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல்மட்டத்திலே நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். வளியமுக்கம் குறைந்த நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆதலால் அங்கே பருப்பு வேகச் சுணங்கும். பிரஷர் குக்கர் இதற்கு மறுதலையானது. வளியமுக்கத்துக்கு மேலாகச் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கம் ஏறினால், உள்ளே நீர் 121 பாகைவரை சூடேறும். கடலைக்கு இது பெரிய வரம். இளம் அரும்பாகிய குட்டிக்கோவாவுக்கோ இது கத்திமுனை. ஒரு நிமிடம் போதும். நான்கு நிமிடம் விட்டால் கூழ்.

கிராந்தம் என்னும் சந்தியில் வண்டி மாறிக் கிழக்கே செல்லச் செல்ல மேடு பள்ளங்கள் மறைந்தன. கடலும் சதுப்பும் விட்டுக்கொடுத்த நிலம் அது. தலைமுறை தலைமுறையாக வாய்க்கால் வெட்டி வடித்தெடுத்த வண்டல். நம் வன்னி வயல்களிலிருந்து மரங்களையெல்லாம் அகற்றி, மேலே சாம்பல் நிற வானைக் கவிழ்த்தாற் போன்ற தோற்றம். 270 அடியை அண்மிய புனித பொட்டொல்ப் தேவாலயக் கோபுரம் பல மைல்களுக்கு அப்பாலிருந்தே தெரிந்தது. 'அடிக்கட்டை' என்று பொருள்படும் ஒரு செல்லப்பெயரால் ஊரார் அதனை அழைக்கின்றனர். இவ்வளவு உயர்ந்த கோபுரத்துக்கு இப்பெயரிட்டவரின் நகைச்சுவையை மெச்சவேண்டும். அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குப் பெயர் வழங்கிய பழைய பொஸ்டன் இதுவே.

இவ்வூருக்கு வேறொரு புகழும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்குவதா என்று 2016ஆம் ஆண்டு ஆனியில் பிரித்தானிய மக்களிடம் வினவியபோது, நீங்குவோம் என்று நாட்டிலேயே மிகக் கூடிய விகிதத்தில், நூற்றுக்கு 75.6 பேர், வாக்களித்த இடம் பொஸ்டன். அந்த ஒன்றியத்தின் தலைமையகம் பிரசெல்ஸ். பிரசெல்ஸே வேண்டாம் என்று முதலிடத்தில் நின்று சொன்ன ஊரின் வயல்களிலே, பிரசெல்ஸின் பெயரைத் தாங்கிய பயிர் வரிசை வரிசையாக நிற்கின்றது!

மறுநாட் காலையில் அம்மையாரின் கணவர் என்னை வயலுக்கு அழைத்துச் சென்றார். எண்பது வயதை எட்டியவர், முன்னாட் கமக்காரர். தரை உறைபனியால் வெண்மையாக இருந்தது. மெல்ல ஊர்ந்து செல்லும் இயந்திரத்தின் பின்புறத்தே, மழையங்கி அணிந்த ஆறேழு பேர் வரிசையாக அமர்ந்து, வெட்டிய தண்டுகளை ஒவ்வொன்றாகச் சுழல்கத்தியின் வாயிலே செலுத்திக்கொண்டிருந்தனர். அரும்புகள் உதிர்ந்து தொட்டிக்குள் விழ, வெறுந்தண்டு வயலிலே வீழ்ந்தது. அவர்களுள் ஆங்கிலேயர் ஒருவரேனும் இல்லை. 2004இல் போலந்தும் லித்துவேனியாவும் ஒன்றியத்தில் சேர்ந்தபின் இத்தொழிலுக்கு வந்தோர் பலர். பின்னர் ருமேனியரும் பல்கேரியரும். அண்மைக் காலத்தில், பருவகால அனுமதி பெற்று மத்திய ஆசியாவிலிருந்தும் வருகின்றனர்.

ஓய்வு வேளையிலே போலந்து நாட்டுப் பெண்ணொருத்தி எங்களோடு உரையாடினாள். வந்து இருபது ஆண்டுகள் ஆயினவாம். அவளுடைய மகளுக்கு ஆங்கில எழுத்தைக் கற்பித்தவர் என்னை அழைத்த அம்மையாரே. "2016இல் இருப்பதா போவதா என்று நான் ஓராண்டு காலம் தூங்கவில்லை. மகள், 'நான் எங்கே போவது, நான் இந்த ஊர்ப்பிள்ளைதானே' என்று கேட்டாள். இருந்துவிட்டோம்" என்றாள். நீங்குவோம் என வாக்களித்தவர் அம்முதியவர். அதனை அவள் அறிவாள்; அவள் அறிவாள் என்பதை அவரும் அறிவார். அவர் ஒன்றும் பேசாமல் தம் குடுவையிலிருந்த தேநீரை மூடியிலே ஊற்றி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் குடித்துவிட்டு, நீண்ட தண்டொன்றைத் தெரிந்தெடுத்து, "ரீச்சரிடம் கொடுங்கள்" என்று என் கையிலே தந்தாள்.

"உறைபனி கண்ட பிறகுதான் இது இனிக்கும்" என்றார் முதியவர் திரும்பும் வழியில். கிராமத்து நம்பிக்கை போலத் தோன்றினும் இது மெய்யே. குளிரைத் தாங்கும்பொருட்டுச் செடி தன்னிடமுள்ள மாப்பொருளிற் சிறிதை வெல்லமாக்கிக்கொள்கின்றது. ஆங்கிலச் சிறுவர் பலர் குட்டிக்கோவாவை வெறுப்பதற்கு அதன் கசப்பே காரணம். 1990களில் ஹான்ஸ் வான் டோர்ன் என்னும் டச்சு விஞ்ஞானி, அக்கசப்புக்குக் காரணமான இரு பொருள்களை இன்னவை எனக் கண்டறிந்தார். அதன்பின் விதை உற்பத்தியாளர் பழைய வகைகளுட் கசப்புக் குறைந்தவற்றைத் தேடிக் கலப்பினஞ் செய்தனர். ஆகவே இன்றைய பிள்ளைகள் உண்பது பாட்டன்மார் உண்டதைவிட இனியது. கசப்போடு கூடிய மற்றொரு குற்றம் நாற்றம். அது செடியின் பிழையன்று. நெடுநேரம் அவித்தால் கந்தகச் சேர்மங்கள் சிதைந்து மணக்கும். மணிக்கணக்காக அவித்துவிட்டுக் காயை நோவது என்ன நியாயம்?

இனி அடுக்களை. அம்மையாரின் பிரஷர் குக்கர் அவர் தாயாரிடமிருந்து வந்தது, அலுமினியத்தாலானது, அரை நூற்றாண்டு இறைச்சி கண்டது. அதனை என் பொருட்டுக் கழுவித் தருவார் என்று நினைத்திருந்தேன். அவரோ பெட்டி பிரிக்கப்படாத மின்சாரக் குக்கர் ஒன்றை மேசைமேல் வைத்தார். "மகள் அனுப்பி மூன்று வருடம். இன்றுதான் இதற்கு வேலை வந்தது. இதிலே இறைச்சி பட்டதில்லை, மாஸ்டர்" என்றார். எனக்கு மறுமொழி எழவில்லை. யாழ்ப்பாணத்திலே எங்கள் வீட்டில் அவர் உணவருந்திய நாட்களில், காரந் தாங்கமாட்டார் என்று என் தாயார் தனிச்சட்டியிலே செத்தல் மிளகாய் இல்லாமல் சமைத்ததை அவர் மறந்திருக்கவில்லை போலும்.

பழைய கலத்தில் மூடியில்லாமலே பேக்கன் துண்டுகள் வதங்கின. கொழுப்பு உருகியதும் வெங்காயம், அது பொன்னிறமானதும் புறவிதழ் நீக்கிய குட்டிக்கோவா, அரைக்கோப்பை நீர். மூடி இறுகிற்று, பாரஞ் சீறத் தொடங்கியதிலிருந்து ஒரே நிமிடம். உடனே கலத்தைத் தூக்கிக் குழாயின் குளிர்நீரிலே பிடித்து அமுக்கத்தைத் தணித்தார். அந்த வேகமே சமையலின் உயிர். அமுக்கம் தானாகத் தணியுமென்று காத்திருந்தால் அதற்குள்ளேயே குழைந்துவிடும். புதுக்கலத்தில் எனக்காகப் பட்டரும் வெங்காயமும், அவித்துத் தோலுரித்த செஸ்நட் கொட்டைகளும், சற்றுக் கூடுதலாக உப்பும். உப்பு கசப்பை அடக்கும் என்பது அறிவியல் கண்ட உண்மை. பேக்கன் செய்யும் பணியிற் பெரும்பகுதி அதன் உப்பும் கொழுப்பும் செய்வனவே. ஆதலால் மரக்கறி உணவினர் எதையோ இழந்தோமென்று ஏங்கவேண்டியதில்லை. பச்சை நிறம் மாறாமல், வெளியே மென்மையும் உள்ளே சிறு கடினமுமாக வெந்திருந்தது. பேக்கன் சேர்ந்ததன் சுவையை நான் சொல்ல இயலாது. முதியவர் தட்டு இருமுறை வெறுமையானதைச் சாட்சியாகக் கொள்க.

"என் தாயார் காலத்தில் இத்தனை பேக்கன் ஏது?" என்றார் அவர். போரின்போது, 1940ஆம் ஆண்டு தை மாதத்தில் பங்கீட்டுக்கு உட்பட்ட முதற்பொருள்களுள் பேக்கனும் ஒன்று. தொடக்கத்தில் ஆளுக்கு வாரம் 4 அவுன்சு. அப்பங்கீடு முற்றாக நீங்கியது 1954இலே. அவருக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு துண்டைக் குறுணியாக நறுக்கி ஒரு சட்டி மரக்கறிக்குச் சுவையேற்றிய பழக்கம் அக்காலத்து வறுமை கற்பித்தது என்றார். "இன்று டென்மார்க்கிலிருந்தும் ஹொலண்டிலிருந்தும் வருகிறது" என்று அம்மையார் இடைமறித்தார். "வாக்கெடுப்பின்போது அதையும் சொன்னேன், இவர் கேட்கவில்லை." முதியவர் முள்ளுக்கரண்டியால் ஒரு குட்டிக்கோவாவைக் குத்தி உயர்த்தி, "பெயர்தான் பிரசெல்ஸ், மண் எங்களுடையது" என்றார். "பறித்த கை?" என்று அம்மையார் கேட்டார். அவர் மென்றுகொண்டே யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மறுநாட் காலை எஞ்சிய குட்டிக்கோவாவை உருளைக்கிழங்கோடு மசித்துப் பொரிப்பது அந்நாட்டு வழக்கம். அம்மையார் என் பங்கில் மிஞ்சியதைத் தனியே எடுத்து வைத்து, "உங்கள் அம்மா செய்த வறை நினைவிருக்கிறது" என்றார். கடுகும் செத்தல் மிளகாயும் என் பையில் இருந்தன. உலர்ந்த தேங்காய்ப்பூ அவரிடம் இருந்தது. நன்றாகக் கழுவிய தாச்சியிலே கடுகு வெடித்ததும் முதியவர் திடுக்கிட்டு எழுந்தார். பின்னர் வறையை ஒரு கரண்டி எடுத்துத் தம் தட்டில் பேக்கனுக்கு அருகே வைத்துக்கொண்டார். கண்ணில் நீர் வழிய உண்டுவிட்டு, இன்னும் இருக்கின்றதா என்று கேட்டார்.