இரண்டு அடி

போன மாரியில் ஒரு இரவு, எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிற அம்மம்மா வழுக்கி விழுந்துவிட்டார். அம்புலன்ஸ் கெதியாகத்தான் வந்தது. வந்து, ஒழுங்கை முடக்கில் நின்றுவிட்டது. ஒரு பக்கம் லைற் போஸ்ற். மற்றப் பக்கம் புது மதிலின் மூலைத் தூண். சாரதி இரண்டு தரம் முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுக்கால திரும்பாது” என்றார். ஸ்ரெச்சரின் சில்லு வெள்ளத்துக்குள் உருளவில்லை. கணுக்கால் தண்ணிக்குள் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தோம். ஒரு முனையை அப்பா பிடித்திருந்தார்.

அந்த மூலைத் தூண் எங்கள் வீட்டினுடையது.

அம்மம்மா இடுப்பில் தகடு வைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அந்த இரவு எங்கள் மூன்று பேருக்கும், அதாவது இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, விட்டுப் போகவில்லை.

எங்கள் ஒழுங்கை கோண்டாவிலில், பலாலி வீதிக்கும் காங்கேசன்துறை வீதிக்கும் இடையில் இருக்கிறது. அம்மப்பா காலத்தில் அது தோட்டத்துக்கு மாட்டுவண்டில் போகிற பாதை. அவருக்கு இங்கே எட்டுப் பரப்பு. அரை ஏக்கர், ஒரு வீடு, ஒரு கிணறு, மிச்சமெல்லாம் செம்மண் தோட்டம். மூன்று மகள்மாருக்கும் சீதனமாகப் பிரித்துக் கொடுத்தார். பிறகு அவர்களின் பிள்ளைகளுக்காக இன்னொரு தரம் பிரிந்தது. பல்கலைக்கழகம் கிட்ட என்றபடியால் மாணவர்களுக்கு வாடகைக்கு விட இரண்டு அனெக்ஸும் எழும்பின. இப்போது அதே எட்டுப் பரப்பில் ஆறு அடுப்பு எரிகிறது. பாதை மட்டும் அம்மப்பா விட்ட பாதைதான். அதுவும் முழுசாக இல்லை.

முந்தி கதியால் வேலி இருந்தது. வேலி அரக்கிற சண்டை எங்கள் ஊரில் புதிசில்லை. ஆனால் கதியாலை அரக்கினால் திரும்பப் பிடுங்கி நடலாம். மதில் அப்படியில்லை. அப்பா மதில் கட்டும்போது நில அளவையாளரைக் கூப்பிட்டு, எல்லைக்கல்லைப் பார்த்துத்தான் கட்டினார். ஒரு அங்குலமும் களவில்லை. எதிர்வீட்டு மாமாவும் அப்படித்தான். எல்லாரும் சரியாகத்தான் கட்டினோம், ஒழுங்கைதான் பிழைத்துவிட்டது.

வீடு கட்டுகிறதென்றால் பிரதேச சபையில் பிளான் பாஸ் பண்ண வேண்டும். 1978 ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம், அதற்கும் முன்னே 1915 இன் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் என்று சட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பிளான் போவது ஒவ்வொரு வீடாக. ஆறு வீட்டையும், மழைத்தண்ணி ஓடும் வாய்க்காலையும், பஸ் தரிப்பிடத்துக்குப் போகும் வழியையும் ஒரே கடதாசியில் கீறிய ஒருவரை நாங்கள் காணவில்லை. சரி, கேட்போம் என்று பார்த்தால், 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 இல் தேர்தல் நடக்கும் வரை வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினரும் இருக்கவில்லை. எங்கள் மதில் எழும்பியதும் அந்த இடைவெளியில்தான்.

இது மதில் கதை மட்டுமில்லை. பஸ் கதையும்தான். மினிபஸ்ஸும் சி.ரி.பி பஸ்ஸும் பெரிய வீதியால் யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய்வரும். வீடுகளோ ஒழுங்கைக்குள் ஒழுங்கையாகப் பெருகுகின்றன. எங்கள் கேற்றிலிருந்து பஸ்ஸுக்குப் பதினைந்து நிமிச நடை. 1990 இல் நின்ற ரயில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. கோண்டாவிலிலும் ஸ்ரேசன் இருக்கிறது. ஆனால் ஒரு நாளில் ஓடுகிற ரயிலை விரல்விட்டு எண்ணலாம். வேலைக்கும் வகுப்புக்கும் அதை நம்ப ஏலாது.

ஆகவே வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள். கடைசித் தம்பிக்கு ஏ.எல் முடிய முதலே ஒன்று வந்துவிட்டது. மூத்தவள் பின்னேர வகுப்பில் கடைசி அரை மணித்தியாலத்தை விட்டுவிட்டு எழும்பி வருவாள். பொழுதுபட்டால் பஸ் குறைவு, ஒழுங்கையில் லைற்றும் இல்லை. “ஏன் ஒவ்வொரு நாளும் வெள்ளனப் போறாய்?” என்று சேர் கேட்டாராம். என்ன சொல்வது? எங்கே வீடு கட்டுகிறோம் என்று தீர்மானிக்கும்போதே, ஆர் இருட்டில் வெளியே போகலாம், ஆர் போகேலாது என்பதையும் தீர்மானித்துவிடுகிறோம்.

அம்மாவின் சீதன உறுதியை ஒரு நாள் எடுத்து வாசித்தோம். காணியின் எல்லைகளுக்குப் பிறகு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் எழுதியிருந்தது. எங்களுக்கு அது புதினமாக இருந்தது. தண்ணி ஓடவும் மனிசர் நடக்கவும் இடம் விட்டால்தான் அது காணி என்று முந்தின ஆக்கள் உறுதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதைப் பெட்டகத்துக்குள் பூட்டிவிட்டு மதில் கட்டினோம்.

அப்பாவிடம் கணக்கோடு போனோம். முன்பக்கம் அறுபது அடி. இரண்டு அடி உள்ளே எடுத்தால் போவது 120 சதுர அடி. அரைப் பேர்ச்சும் இல்லை. “சட்டப்படி என்ர காணி” என்றார். ஓம் என்றோம். “இவ்வளவு காசு கொட்டிக் கட்டினதை இடிக்கச் சொல்லுறியளோ?” என்றார். அதற்கும் ஓம் என்றோம். இரண்டு கிழமை சாப்பாட்டு மேசையில் கதையில்லை. அம்மாதான் கடைசியில் சொன்னா: “நாளைக்கு எனக்கு ஒண்டு எண்டாலும் அந்த முடக்காலதானே கொண்டு போகவேணும்.”

முழு மதிலும் போகவில்லை. மூலைத் தூணையும் அதோடு சேர்ந்த பன்னிரண்டு அடியையும் மேசன் இடித்து, இரண்டு அடி உள்ளே வைத்துக் கட்டினார். எதிர்வீட்டு மாமா ஒரு பின்னேரம் வந்து நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் தன் பக்கத்தை அளந்துகொண்டிருந்தார்.

பஸ் இன்னும் பெரிய வீதியோடுதான். லைற்றும் வரவில்லை. ஒழுங்கையை முழுக்க அளந்து, எங்கே எத்தனை அடி, எங்கே தண்ணி நிற்கிறது, எங்கே இருட்டு என்று ஒரே கடதாசியில் கீறி வைத்திருக்கிறோம். வட்டார உறுப்பினரிடம் அதைக் கொடுக்கப் போகிறோம். எங்கள் தூணை உள்ளே எடுத்த பிறகுதான் அதைக் கொண்டு போக ஒரு முகம் வந்திருக்கிறது.

உங்கட ஒழுங்கையையும் ஒருக்கா அளந்து பாருங்கோ. முதல் உங்கட மதிலில இருந்து தொடங்குங்கோ.