ஒலிவாங்கி விழுங்கும் எழுத்துகள்



பாபநாசம், இராஜகிரி, பண்டாரவாடை, வழுத்தூர், அய்யம்பேட்டை என நம் பகுதி ஊர்களிலிருந்து சென்று வெளிநாட்டில் குடும்பத்துடன் வாழ்வோர் பலர். அவர்களுடைய பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்து, ஊரிலுள்ள ஆசிரியரிடம் குர்ஆன் ஓதுவது இன்று வழக்கமாகிவிட்டது. அல்லாஹ்வின் அருளால் கிடைத்த வசதி இது. ஆனால் பிள்ளையின் நாவுக்கும் ஆசிரியரின் காதுக்கும் இடையே ஓர் ஒலிவாங்கியும் சில மென்பொருள்களும் இருக்கின்றன. அவை செய்வதைப் பெற்றோர் அறிந்திருப்பது நலம்.

தமிழில் எழுதும்போது ஸீன், ஸாத், ஸே மூன்றுக்கும் 'ஸ' ஒன்றே உண்டு. 'இஸ்ம்' என்னும் சொல்லைப் பாருங்கள். ஸீன் கொண்டு ஓதினால் பெயர். ஸே கொண்டு ஓதினால் பாவம். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தில் முன்னதும், 12ஆம் வசனத்தில் பின்னதும் வருகின்றன. இவ்வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டாது. பிள்ளை காதால்தான் கற்க வேண்டும்.

வளைகுடாவிலிருந்து என்னிடம் ஓதும் எட்டு வயது மாணவி ஒருத்தி. ஸே எழுத்துக்காக அவள் நாவின் நுனியை மேற்பல்லின் விளிம்பில் வைப்பது திரையில் தெரியும். காதிலோ அந்த இடம் வெறுமையாக விழும். மறுபடியும் ஓதச் சொன்னால், "சரியாத்தானே ஓதுறேன், ஹஜ்ரத்" என்பாள், குரல் தழுதழுக்கும். அவளுடைய தாயாரிடம், அதே வசனத்தைக் கைப்பேசியில் பதிந்து அனுப்பக் கேட்டேன். பதிவில் ஸே தெளிவாக ஒலித்தது. மறுநாள் புளூடூத் ஹெட்செட்டுக்குப் பதிலாகக் கம்பியுள்ள ஹெட்செட்டை மாட்டினார்கள். செயலியின் இரைச்சல் ஒடுக்கத்தையும் நிறுத்தினார்கள். எழுத்து முழுமையாக வந்து சேர்ந்தது. ஓதலையே வெறுக்கத் தொடங்கியிருந்த பிள்ளை, அன்று பாடம் முடிந்த பிறகும் எழ மறுத்தாள்.

காரணம் எளியது. காற்று உரசிப் பிறக்கும் இத்தகைய எழுத்துகளின் அடையாளம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையே கடத்தியது. நலம் விசாரிக்க அது போதும், தஜ்வீதுக்குப் போதாது. புளூடூத் ஹெட்செட்டின் ஒலிவாங்கி இயங்கத் தொடங்கியதும், பல கருவிகளில் ஒலி இதுபோன்ற குறுகிய பாதைக்கு மாறிவிடுகிறது.

இரைச்சல் ஒடுக்கம் வேறு வகையில் இடையூறு செய்கிறது. மின்விசிறியின் ஓசையும் ஸீனின் காற்றும் மென்பொருளின் கணக்கில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும். மூச்சு வெளிப்பட ஓதும் பத்து எழுத்துகளை நம் முன்னோர் 'ஹம்ஸ்' என வகுத்தனர். ஸே, ஸீன், ஸாத் மூன்றும் அவற்றுள் அடங்கும். மென்பொருள் இரைச்சல் என ஐயுற்று நறுக்குவதில் முதலில் அகப்படுபவை இவையே.

அப்படியானால் தெளிவுக்கு என்ன செய்வது? முதலில் அறையைச் சீராக்குங்கள். சன்னலைச் சாத்தி, பாடம் முடியும்வரை மின்விசிறியின் வேகத்தைக் குறையுங்கள். வெற்றுச் சுவர் எதிரொலிக்கும். திரைச்சீலை, பாய், புத்தக அலமாரி உள்ள அறை நல்லது. ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மூச்சு நேரே படாதவாறு சற்று ஒதுங்கி இருக்கட்டும்.

அதன் பின்னரே மென்பொருள். ஸூம் செயலியில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற தேர்வு, குரலை வடிகட்டாமல் அனுப்ப உதவும். விண்டோஸ் கணினிக்கு 'ஈக்வலைஸர் ஏபிஓ' இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைக் குறைத்தால், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் தணியும். ஓதும் குரல் பெரும்பாலும் அதற்கு மேலேயே இருப்பதால் எழுத்துக்குச் சேதமில்லை. 'நாய்ஸ் கேட்' என்னும் வசதியைத் தவிருங்கள். வசனத்தின் இறுதியில் மெலியும் எழுத்தை அது வெட்டிவிடும். பதிவுகளைத் தூய்மைப்படுத்த 'ஆடாசிட்டி' போதும். தொடக்கத்தில் ஐந்து விநாடி மௌனமாகப் பதிந்து, அதை மாதிரியாகக் காட்டி, இரைச்சலைச் சிறிதளவே குறையுங்கள்.

எதிரொலி சேர்த்துக் குரலுக்கு இனிமை கூட்டும் வழக்கம் இன்று பெருகியிருக்கிறது. கேட்போர் நெகிழலாம், ஆனால் ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் மேல் படிவதால் கற்கும் பிள்ளை தடுமாறும். எகிப்தின் காரீ மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் முழுக் குர்ஆன் பதிவு 1961இல் வெளிவந்தது. இன்றும் ஆசிரியர்கள் அதைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம், ஒவ்வோர் எழுத்தும் தன் மக்ரஜிலிருந்து பிறப்பதை அதில் கேட்க முடிவதுதான்.

ஆகவே எந்த ஒலி விளைவைச் சேர்க்கும்போதும், இது குரலுக்கு வெளியே உள்ளதை நீக்குகிறதா, குரலில் உள்ளதையே மாற்றுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்னது துப்புரவு. பின்னதை, ஓதக் கற்பிக்கும் அமானத்தில் நாம் அனுமதிக்கலாகாது. விடுமுறைக்கு ஊர் வரும்போது பிள்ளையை ஆசிரியரின் முன் நேரில் அமர்த்தி, கற்ற பாடங்களை ஒருமுறை ஓதச் செய்யவும் மறவாதீர்கள்.

நம் பிள்ளைகளின் நாவுகளில் வல்ல அல்லாஹ் தன் வேதத்தை அழகுற நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.