பனி ஊரில் எங்கள் குடித்தனம்

அரியலூர் பக்கம் கல்லங்குறிச்சி எங்கள் ஊர். மார்கழிக் குளிருக்குத் தலையில் ஒரு துண்டைச் சுற்றினால் போதும். 2018-ல் என் கணவருக்கு இமயமலையில் ஜோஷிமட்டுக்கு மாற்றல் வந்தது. சுமார் 6,000 அடி உயரம். அதற்கும் மேலே ஔலி, பனிச்சறுக்கு விளையாட ஜனங்கள் கூடும் இடம். எங்களுக்கோ சறுக்காமல் போய்ப் பால் வாங்கி வருவதே பெரிய விளையாட்டு!

அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு லேசில் வேகாது. குக்கர்தான் கை கொடுத்தது. இட்லி மாவைக் கம்பளியில் சுற்றி, பக்கத்தில் வெந்நீர்ப் பை வைத்தால்தான் கொஞ்சமாவது பொங்கும்.

ராத்திரிக் குளிருக்கு அங்கீட்டி என்கிற கரியடுப்பு. வீட்டுக்கார அம்மாள் முதல் நாளே, "மகளே, படுக்கும்முன் இதை வெளியே வைத்துவிடு. என் உறவுக்காரர் ஒருவர் இப்படித்தான் தூக்கத்திலேயே போய்விட்டார்" என்றார். இவரோ, "கொஞ்ச நேரம் இருக்கட்டுமே" என்பார். "நடுங்கினாலும் பரவாயில்லை, விடிந்தால் எழுந்திருக்க வேண்டாமா?" என்று நானே வெளியே தூக்கி வைத்துவிடுவேன். இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்வோம்.

மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை இல்லாத தணலிலும் அது உண்டு. தலைவலி, மயக்கம், குமட்டல் கண்டால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து, டாக்டரிடம் போக வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானலுக்குக் குழந்தை குட்டிகளோடு போகும் சகோதரிகளே, குளிருக்குக் கம்பளி போதும். படுக்கை அறையில் தணல் வேண்டாம்.