ரப்பர் மரம் வேணாம், பால் வேணும்

கோயில் திருவிழாவுக்குப் பாட்டுப் போடுற புனல் ஸ்பீக்கர்தான் மழை ராத்திரியில எங்க லயங்களையும் எழுப்பணும். கேகாலைக்காரங்க நாங்க, 2016 மே 17 அரநாயக்கவில் மலை சரிந்ததை மறக்கல.

புனலுக்குப் பின்னால் இருக்கும் யூனிட்டுக்குள் தண்ணி இறங்கினா கம்பிச்சுருள் போச்சு. அதுக்கு ஒரு கூடு வேணும். தோட்டத்தில் சும்மா கிடைக்கிறது ரப்பர் பலகை. மருந்து ஏற்றாட்டி பூஞ்சணமும் வண்டும் அதை விடாது. பலாவின் மஞ்சள் வைரத்தை எடுத்தோம்: பாரம்தான், ஆனா கறையான் லேசில் தொடாது.

அலுமினியப் புனல் கிணுங்காம இருக்க வெளியே பழைய டியூப் சுற்றினோம். கூட்டுக்குள்ளே பஞ்சு வைத்தால் ஈரம் குடிக்கும். தும்பில் ரப்பர் பால் ஊட்டிய மெத்தைத் துண்டுதான் சரி. புனல் வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்தாச்சு. கரன்ட் போற ராத்திரிக்குப் பற்றரிதான் இன்னும் பார்க்கணும்.