கடவுள் என்னும் மனிதர்: ஸ்வீடன்போர்க் வாசிப்புக் குறிப்புகள்

1763இல் ஆம்ஸ்டர்டாமில் லத்தீனில் ஒரு நூல் வெளிவந்தது. பொருள்: தெய்வ அன்பும் தெய்வ ஞானமும். ஆசிரியர் பெயர் அச்சிடப்படவில்லை. எழுதியவர் சுவீடனைச் சேர்ந்த இமானுவேல் ஸ்வீடன்போர்க். அப்போது அவருக்கு 75 வயது. உண்மையான, முழுமையான மனிதர் கடவுள் ஒருவரே. நாம் மனிதர்களாய் இருப்பது அவரிடமிருந்து பெற்றதால்தான் என்பது நூலின் உயிர்நாடி. மனிதனைப் பார்த்து அவன் சாயலில் ஒரு கடவுளை அவர் வரையவில்லை. மூலம் அங்கே, சாயல் இங்கே. இந்த வரிசையைத் தவறவிட்டால் நூல் முழுவதும் குழந்தைத்தனமாகத் தோன்றும்.

*

முகமும் கைகால்களும் உள்ளவர் என்பதற்காகக் கடவுளை அவர் மனிதர் என்று சொல்லவில்லை. மனிதனை மனிதனாக்குவது எது? விரும்புகிற ஆற்றலும் விளங்கிக்கொள்கிற ஆற்றலும். அன்பு முதலாவதில் குடியிருக்கிறது, ஞானம் இரண்டாவதில். இரண்டும் எல்லையின்றி, பிரிக்க முடியாதபடி ஒன்றாய் இருக்கும் இடம் எதுவோ அதுவே கடவுள். அப்படியானால் அவரைவிட மனிதர் யார்?

அளவு என்ற எண்ணத்தை உள்ளே விடக் கூடாது என்று திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார். கடவுள் இடத்திலும் இல்லை, காலத்திலும் இல்லை. மிகப் பெரியதிலும் மிகச் சிறியதிலும் அதே நிறைவோடு இருக்கிறார். ஆகவே ‘எவ்வளவு பெரிய மனிதர்?’ என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை.

*

ஆள் கனவில் மிதந்தவர் அல்லர். சுவீடனின் சுரங்கத் துறை வாரியத்தில் 1747 வரை அதிகாரி. 1734இல் வெளிவந்த அவருடைய மூன்று பெரிய தொகுதிகளில் ஒன்று முழுக்க இரும்பைப் பற்றியது, இன்னொன்று செம்பைப் பற்றியது. பிறகு உடற்கூறியலுக்குள் இறங்கினார். மூளையையும் இரத்தத்தையும் பற்றி எழுதினார். ஆன்மாவைத் தேடித்தான் அத்தனை நரம்புகளுக்குள்ளும் போனார். 1744 வாக்கில் கனவுகள், தரிசனங்கள், பெரும் உள்மாற்றம். அதற்குப் பின் எழுதியதில் பெரும்பகுதி இறையியல். ஆனால் கை பழையதுதான். உலைக்களத்தை விவரித்த அதே பொறுமையோடு சொர்க்கத்தையும் விவரிக்கிறார். அந்த வறண்ட நடை எனக்குப் பிடித்திருக்கிறது. பரவசத்தைக் காட்டிக்கொள்ளாத மனிதரின் சாட்சியத்தை நம்பிக் கேட்கலாம் போல இருக்கிறது.

*

அன்பே மனிதனின் உயிர் என்றுதான் நூல் தொடங்குகிறது. அதற்கு அவர் தரும் சோதனையை யாரும் செய்து பார்க்கலாம். ஒரு நினைப்பிலிருந்து அதற்கு அடியில் இருக்கும் விருப்பத்தை உருவி எடுத்துவிட்டு, மேற்கொண்டு நினைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாது. விருப்பம் குளிர்ந்தால் பேச்சு நிற்கிறது, செயலும் நிற்கிறது. நாம் எதை விரும்புகிறோமோ அதுவாகவே வாழ்கிறோம். இதைப் படித்த நாளிலிருந்து, சோம்பல் என்று நான் பெயரிட்டிருந்த பலவற்றை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

*

வெப்பமும் ஒளியும். ஆன்மிக உலகத்தின் சூரியனிலிருந்து வெப்பமாக வருவது அன்பு, ஒளியாக வருவது ஞானம். அந்தச் சூரியனும் கடவுள் அல்ல, அவரிடமிருந்து முதலில் வெளிப்படுவது. குளிர்காலத்திலும் வெளிச்சம் இருக்கிறது; ஆனால் எதுவும் முளைப்பதில்லை. ஸ்டாக்ஹோமில் பிறந்தவருக்கு இது வெறும் உவமை அல்ல. அன்பில்லாத அறிவை அவர் அந்தப் பனிக்கால ஒளியில் வைக்கிறார். அறிவில்லாத அன்பையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதற்குக் கண் இல்லை, வழி தெரியாது, தான் நேசிப்பதையே கெடுத்துவிடும்.

இரண்டும் சேர்ந்தாலும் போதாது என்கிறார். செயலில் இறங்கி இன்னொருவருக்குப் பயன்பட வேண்டும். இல்லையென்றால் இரண்டுமே காற்றில் கரைந்துபோகும். சுரங்க அதிகாரி பேசுகிறார்.

*

ஐந்தாம் பகுதி இதயத்தையும் நுரையீரலையும் பற்றியது. விருப்பத்துக்கு இதயம், அறிவுக்கு நுரையீரல். கருவில் இருக்கும் குழந்தைக்கு இதயம் துடிக்கிறது, நுரையீரல் இன்னும் மூச்சுவிடத் தொடங்கவில்லை. இந்த ஓரிடம் அருமை. மற்றபடி பொருத்தங்களை மிகவும் இழுக்கிறார். வேகமாகப் புரட்டினேன்.

*

நான் மீண்டும் மீண்டும் திரும்பிப் போகும் பக்கங்கள் வேறு. அன்பின் இயல்பு என்ன என்று கேட்டு மூன்றைச் சொல்கிறார். தனக்கு வெளியே உள்ள பிறரை நேசிப்பது. அவர்களோடு ஒன்றாக விழைவது. அவர்களுடைய மகிழ்ச்சியைத் தன் மகிழ்ச்சியாக உணர்வது. கடவுளிடம் அன்பு இருக்கிறது என்று மட்டும் சொன்னால் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கடவுளே அன்பு என்றால் கதை மாறுகிறது. அப்போது அவருக்குப் பிறர் வேண்டும். தன்னிலிருந்தே துண்டு துண்டாகப் பிறரை உண்டாக்கினால் அவர் தன்னைத்தான் நேசித்துக்கொண்டிருப்பார். அது தெய்வ அன்பே அல்ல. ஆகவே படைக்கப்பட்டது எதுவும் தன்னளவில் கடவுளாக இருக்க முடியாது. அவர் வந்து குடியிருக்கக்கூடிய இன்னொன்றாகத்தான் இருக்க முடியும்.

அதோடு விடுவதில்லை. அந்த இன்னொருவர் திருப்பி நேசிக்க வேண்டுமானால், அந்த அன்பு தன்னுடையது என்று அவருக்குத் தோன்ற வேண்டும். கொடுத்ததை முழுக்க அவருடையதாக உணரவிடுகிறார் கடவுள். நம் சுதந்திரத்துக்கு இதைவிட மென்மையான விளக்கத்தை நான் படித்ததில்லை. பெறுபவரை அடக்கிவைக்க ஆசைப்படாத ஒரு வல்லமை! பிள்ளையோ மாணவரோ ஒன்றைத் தானே கண்டுபிடித்ததாகத் துள்ளும்போது ‘நான்தானே சொன்னேன்’ என்று சொல்லாமல் இருப்பவர்களை நினைத்துக்கொண்டேன்.

*

இந்த நூலின் 1788 ஆங்கிலப் பதிப்பைக் கவிஞர் வில்லியம் பிளேக் ஓரங்களில் குறிப்பெழுதிப் படித்தார். அந்தப் பிரதி இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1789 ஏப்ரலில் லண்டனில் ஸ்வீடன்போர்க் அன்பர்கள் கூடிய மாநாட்டுக்கு மனைவி கேதரினோடு போனார். இரக்கத்துக்கும் அன்புக்கும் மனித முகமும் மனித வடிவும் கொடுத்த அவருடைய கவிதை அந்த ஆண்டின் தொகுப்பில்தான் இருக்கிறது. சீக்கிரமே அவர் ஸ்வீடன்போர்க்கைக் கடுமையாகத் தாக்கவும் செய்தார். கடவுளின் மனிதத்தன்மையை மட்டும் கடைசிவரை விடவில்லை.

ஹெலன் கெல்லர் 1927இல் தன் மதம் பற்றி ஒரு நூல் எழுதினார். அதுவும் ஸ்வீடன்போர்க் வழிதான். 19 மாதக் குழந்தையாக இருந்தபோதே பார்வையும் கேட்கும் திறனும் போனவர். முகங்களைக் கண்ணால் காண முடியாத ஒருவருக்குக் கடவுள் மனிதராக இருப்பதில் எந்தச் சிக்கலும் எழவில்லை. முகத்தைப் பற்றிய பேச்சே அல்ல இது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

*

நூலின் தொடக்கத்திலேயே ஓரிடம். கடவுளை மனிதராக எண்ணும் தெளிவு ஆப்பிரிக்கர்களிடம் இருக்கிறது என்கிறார். கடவுளை மேகம் போலவும் வெளி போலவும் கற்பனை செய்துகொள்ளும் கிறிஸ்தவர்களைவிட அவர்களை உயரத்தில் வைக்கிறார். எழுதிய ஆண்டு 1763. ஆப்பிரிக்கர்களைக் கப்பல் கப்பலாக அட்லாண்டிக் கடந்து விற்றுக்கொண்டிருந்த காலம். அவர் ஆப்பிரிக்காவைப் பார்த்ததில்லை. கண்ணால் காணாத ஒரு கண்டத்தைப் பற்றிய இலட்சியச் சித்திரம்தான் அது. ஆனால் அதைப் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை.

கார்ல் பெர்ன்ஹார்ட் வாட்ஸ்ட்ரோம் அவர்களில் ஒருவர். 1787இல் செனகலுக்குப் போனார். அடிமைகளைப் பிடிப்பதற்காகவே மூட்டப்படும் சண்டைகளைப் பற்றி அறிந்து, 1788இல் லண்டனில் பிரிவி கவுன்சில் என்னும் அரச ஆலோசனைக் குழுவின் விசாரணையில் சாட்சி சொன்னார். அடிமை வணிகத்துக்கு எதிரான வாதத்துக்கு அந்தச் சாட்சியம் பயன்பட்டது. அவருடைய மாற்றுத் திட்டம் மேற்கு ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர்கள் போய்க் குடியேறுவது. 1794இல் அதற்காகவே பெரிய நூல் எழுதினார். அடிமைத்தனம் இல்லாத குடியேற்றம் என்றாலும், மண்ணின் மக்களைக் கேளாமல் ஐரோப்பாவில் தீட்டிய திட்டம்தான். பிறரை நேசிப்பதும் அவர்களுடையதை அவர்களுடையதாகவே இருக்கவிடுவதும் ஒன்றுதான் என்ற பக்கங்களை வாட்ஸ்ட்ரோமும் படித்திருப்பார். முதல் பாதி அவரைக் கப்பல் ஏற்றியது. இரண்டாம் பாதி அவர் திட்டத்துக்குள் வரவில்லை.