பெருவிரல் நீளத்தில் ஒரு போர்வீரன்

இங்கிலாந்தின் தென்கரையிலே உள்ள சிறு நகரொன்றில், ஒரு வீட்டின் பின்னறையில், மாலையானதும் மேசைவிளக்கு ஒன்று ஏற்றப்படும். அதன் ஒளிவட்டத்தில் கூரிய சிறு கத்தி, இரண்டு அரங்கள், மயிரிழைபோன்ற நுனியுடைய மூன்று தூரிகைகள், பழந்துணித் துண்டு ஒன்று. முன்னே கதிரையில் அமர்ந்திருக்கும் முதியவர் இளமையில் அச்சகத்திலே ஈய எழுத்துக் கோத்தவர். இடவலம் மாறிய எழுத்தை மாறாததுபோல வாசிக்கப் பழகிய கண்கள் அவருடையவை. இப்பொழுது அக்கண்களுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. கைகளோ மெல்ல நடுங்கத் தொடங்கிவிட்டன. ஆயினும் வேலை நிற்கவில்லை. அவர் செய்துகொண்டிருப்பது ஒரு பிரெஞ்சுக் காலாட்படை வீரனை. உள்ளங்காலிலிருந்து தலைவரை அவ்வீரனின் உயரம் 54 மில்லிமீற்றர். ஏறத்தாழ ஒரு பெருவிரலின் நீளம்.

படைவீரர் பொம்மை செய்வோர் யாவரும் போரை விரும்புவோர் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். அவ்வாறானவர்களும் உளர். கடையிலே வாங்கும் பெட்டியும் அவர்களையே மனத்திற்கொண்டு தயாரிக்கப்படுவது போலத் தோன்றும். இம்முதியவர் வாங்கிய பெட்டிக்குள் இருந்தவனும் அத்தகையவனே: வலக்காலை முன்வைத்து, ஈட்டிமுனை பூட்டிய துப்பாக்கியை நீட்டி, வாய்திறந்து முழங்கிக்கொண்டு பாய்பவன். அவனைப் பெட்டியிற் கண்டபடியே ஒட்டிப் பெட்டியிற் சொன்னபடியே நிறந்தீட்டினால் ஒரு வார இறுதியில் வேலை முடிந்துவிடும். அவர் விரும்பியது வேறு. 1812ஆம் ஆண்டின் இறுதியில், மொஸ்கோவிலிருந்து திரும்பும் வழியில், பனியிலே தனித்து நிற்கும் ஒருவன் அவருக்கு வேண்டியிருந்தான். அத்தகையவனை எக்கடையிலும் பெறமுடியாதபடியால், பாய்பவனை வெட்டித்தான் நிற்பவனை உண்டாக்க வேண்டியிருந்தது.

இக்கலையில் உண்மையான வேலை இவ்வாறு வெட்டுவதிலேயே தொடங்குகின்றது. 1960களில் பிரான்சிலே வெளிவரத் தொடங்கிய ஹிஸ்ரோறெக்ஸ் பிளாஸ்ரிக் உருவங்கள் இதற்கு ஒரு புதிய வாய்ப்பை அளித்தன. தலை, கை, கால், தொப்பி, தோட்டாப் பை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டாக இருந்தமையால், ஒருவனுடைய தலையை மற்றொருவனுடைய தோளிலே பொருத்தலாம். எவரும் திட்டமிடாத ஒரு மனிதனைத் தோற்றுவிக்கலாம். அமெரிக்கரான ஷெப்பர்ட் பெய்ன் என்பவர் 1980இல் வெளியிட்ட நூலின் வாயிலாக, இத்தகைய உருவங்களை நிலமும் பொருளும் கூடிய ஒரு காட்சியில் நிறுத்திக் கதைசொல்ல வைக்கும் முறையைப் பலருக்குக் கற்பித்தார். அக்காட்சிக்கு டயோராமா என்று பெயர். பெயர் இரவலானது. 1822இல் பாரிசிலே டகேர் என்பவர் தம் கூட்டாளியுடன் நடத்திய காட்சிக்கூடத்திற்கே முதலில் அப்பெயர் இருந்தது. பெருந்திரைகளில் ஓவியந்தீட்டி, ஒளியை மாற்றி, இருளிற் கூடியிருந்த மக்களை அவர் வியக்கவைத்தார். பேரரங்கொன்றின் பெயர் இன்று மேசைமீது வைக்கும் ஒரு பலகைத் துண்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

முதியவரின் அறைச்சுவரிலே ஒரு வரைபடம் மாட்டப்பட்டிருக்கிறது. பிரெஞ்சுப் பொறியியலாளரான சார்ள்ஸ் யோசெப் மினார் 1869இல் வரைந்த புகழ்பெற்ற படத்தின் பிரதி அது. நெப்போலியனின் படை ருஷ்யாவுக்குட் சென்றதையும் திரும்பியதையும் இரு பட்டைகளாக அது காட்டுகின்றது. 1812 யூன் மாதத்தில் நேமன் ஆற்றங்கரையில் 422,000 பேரைக் குறிக்கும் அகன்ற பட்டை, செல்லச் செல்ல ஒடுங்கி மொஸ்கோவில் 100,000 ஆகின்றது. திரும்பும் பட்டை கறுப்பு. ஆறுகளைக் கடக்குந்தோறும் அது மெலிந்து, புறப்பட்ட இடத்தை அடையும்போது 10,000 பேரில் முடிகின்றது. மினார் கொண்ட அளவு பத்தாயிரம் மனிதருக்கு ஒரு மில்லிமீற்றர். எனவே மூலப்படத்திலே அப்பட்டை வந்து முடியும் அகலம் ஒரேயொரு மில்லிமீற்றர்தான். போரின் கொடுமையை இதனிலும் சுருக்கமாகவும் நேர்மையாகவும் சொன்ன படம் வேறொன்று உண்டா என்பது ஐயமே. ஆனால் அப்பட்டையினுள் முகம் இல்லை. முகத்துக்கு இடமும் இல்லை. பத்தாயிரம் பேரை மினார் ஒரு மில்லிமீற்றருக்குள் அடக்கினார். அதே வழியிலே திரும்பிய ஒருவனுக்கு இம்முதியவர் ஐம்பத்துநான்கு மில்லிமீற்றர் கொடுக்கிறார். கணக்கிலே பார்த்தால் இது அபத்தம். அந்த அபத்தத்துக்காகவே அவர் மாலைதோறும் விளக்கேற்றுகிறார் எனலாம்.

பாய்பவனின் கால்களை இடுப்பிலே அறுத்து, ஆப்பு வடிவில் ஒரு துண்டை நீக்கி, அருகருகே கொண்டுவந்து செப்புக்கம்பியால் இணைத்தார். திறந்த வாயுடைய தலை அகற்றப்பட்டது. உதிரிகளின் பெட்டியிலிருந்து வாய்மூடிய தலையொன்று வந்தது. தொப்பியின் உச்சியைக் கத்தியாற் கீறி நசுக்கி, காதுகளை மூடும்படி ஒரு துணியை எப்பொக்சிப் பசையால் உருவாக்கினார். இரு பகுதிகளைச் சேர்த்துப் பிசைந்தால் இரண்டொரு மணித்தியாலத்திற்கு வளையக்கூடியதாக இருந்து பின்னர் கல்லாகும் பசை அது. அந்த நேரத்துக்குள் துணியின் மடிப்பு, முடிச்சு, கிழிசல் யாவும் அமைந்துவிட வேண்டும். பெருங்குளிர்ச்சட்டையையும் அவர் அதனாலேயே செய்தார். ஈரமாக்கிய ஊசிமுனையாற் பசையை நீவும்போது, மனிதனுக்குச் சட்டை அணிவிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு குறைந்துபோகிறது.

கைகளிலேதான் சிக்கல் எழுந்தது. துப்பாக்கி போய்விட்டது, அப்பின்வாங்கலிலே ஆயுதத்தை வீதியோரத்தில் விட்டு நடந்தோர் எண்ணற்றோர். துப்பாக்கி இல்லாத வலக்கை என்ன செய்துகொண்டிருக்கும்? நெற்றியில் வைத்துத் தொலைவைப் பார்க்கலாம். நெஞ்சிலே குறுக்கே வைத்துக் குளிரைத் தாங்கலாம். இரண்டும் ஓவியங்களிற் பலமுறை கண்டவை. அப்படையுடனே சென்ற வூட்டெம்பேர்க் பீரங்கிப்படை அதிகாரி ஃபாபர் டு ஃபோர் வழியிலே வரைந்த படங்களைப் பல நாட்கள் அவர் புரட்டினார். விடை வேறோரிடத்திலிருந்து வந்தது.

2001ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்திலே லித்துவேனியாவின் தலைநகரான வில்னியஸில், பழைய சோவியத் படைமுகாம் இருந்த நிலத்திலே கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியவர்கள் மனித எலும்புகளைக் கண்டனர். முதலில் அவை இருபதாம் நூற்றாண்டின் கொலைகளில் இறந்தோருடையவை என்றே எண்ணப்பட்டன. சீருடைப் பொத்தான்கள் உண்மையைச் சொல்லின. அவற்றிலே நெப்போலியனின் படையணிகளின் எண்கள் இருந்தன. மொஸ்கோவிலிருந்து வில்னியஸ்வரை நடந்துவந்து, 1812 டிசம்பரில் குளிராலும் பசியாலும் நோயாலும் இறந்த 3,000க்கு மேற்பட்டோர் அங்கே புதைக்கப்பட்டிருந்தனர். பெரும்பாலோர் இளைஞர். 2003இல் அவர்கள் அந்நகரின் அந்தாகல்னிஸ் மயானத்திலே மீள அடக்கம் செய்யப்பட்டனர். 2006இல் வெளியான ஓர் ஆய்வு, அப்புதைகுழியின் மண்ணிலே உடற்பேன்களின் எச்சங்கள் கிடந்ததையும், அவற்றாற் பரவும் காய்ச்சற் கிருமிகளின் தடயங்கள் இருந்ததையும் அறிவித்தது. 2025இல் வெளியான இன்னோர் ஆய்வு, இறந்தோரின் பற்களிலிருந்து வேறிரு காய்ச்சல்களுக்கு உரிய கிருமிகளைக் கண்டறிந்தது. அவற்றுள் ஒன்றும் பேனாற் பரவுவதே.

இதை வாசித்த அன்றைக்கே வலக்கையின் வேலை தெரிந்துவிட்டது. முழங்கையில் அறுத்து, மேல்நோக்கி மடித்து, விரல்களைச் சட்டையின் கழுத்துப்பட்டிக்குள்ளே அவர் நுழைத்தார். பேரரசரின் காலாட்படை வீரன் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றான்.

பள்ளியிலிருந்து வந்த பேரன் இதைக் கண்டு முதலில் ஏமாந்தான். "தாத்தா, இவனுடைய துப்பாக்கி எங்கே?" என்றான். பின்னர் குனிந்து பார்த்து, "சொறிகிறான்!" என்று சிரித்தான். சிறுவனின் சிரிப்பு முதியவரைப் புண்படுத்தவில்லை. அவரைப் புண்படுத்தியது பொம்மைக் கழகத்து நண்பர் ஒருவருடைய சொல். சீருடைகளின் வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர் அந்நண்பர். எந்தப் படையணி எந்த ஆண்டில் எந்த நிறத்தில் கழுத்துப்பட்டி அணிந்தது என்பதை உறக்கத்திலும் சொல்லக்கூடியவர். "இவ்வளவு உழைத்து ஒரு வீரனைப் பேன் சொறிபவனாகவா காட்டுவது? இறந்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்று அவர் கேட்டார். எளிதிலே தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று இது. பசியாலும் நோயாலும் மாண்ட ஒருவனை அலுமாரியில் வைத்து அழகுபார்க்க எவருக்கு உரிமை உண்டு? பாயும் வீரனாகச் செய்தால் அது பொய். சொறிபவனாகச் செய்தால் அது இழிவு என்று தோன்றுகிறது. முதியவர் விடை கூறவில்லை. இரண்டு வாரம் உருவத்தைத் துணியால் மூடிவைத்தார்.

பின்னர் முகத்தைத் தீட்டத் தொடங்கினார். இவ்வளவு சிறிய முகத்தில் ஒளி தானாக விழுந்து நிழல் உண்டாக்காது. எனவே ஒளியையும் நிழலையும் தூரிகையே கொடுக்கவேண்டும். கண்குழியிலும் மூக்கின் கீழும் இருளும், நெற்றி, மூக்கின் முதுகு, கன்னவெலும்பு ஆகியவற்றில் வெளிச்சமும் தீட்டாவிடின், உருவம் சவர்க்காரத்தில் வார்த்ததுபோலத் தோன்றும். எண்ணெய் வர்ணம் மெதுவாகக் காய்வதால் ஒன்றையொன்று கலந்து மயங்கச்செய்ய வாய்ப்பானது. பேர்ண்ட் சியன்னா என்னும் செங்கபிலம், மஞ்சட் காவி, வெள்ளை ஆகிய மூன்றுமே தோலின் நிறத்துக்குப் போதும். உறைபனிக்காக மூக்கின் நுனியிலும் காதின் விளிம்பிலும் சிறிது சிவப்பும், தாடையிலே மழிக்காத மயிருக்குச் சாம்பல் நிறமும் சேர்ந்தன.

கண்களே கடினம். தூய வெள்ளையிட்டு நடுவே கரும்புள்ளி வைத்தால் திடுக்கிட்டவன் போல விழிப்பான். பழகாதவர் தீட்டும் பொம்மைகள் யாவும் பேயைக் கண்டவைபோல இருப்பதற்கு இதுவே காரணம். வெள்ளையைச் சற்று மங்கலாக்கி, மேலிமை புள்ளியின் பாதியை மறைக்கும்படி ஒரு கபிலக் கோடு இழுக்க வேண்டும். நடுங்கும் இரு கைகளின் மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று அழுத்தி, மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு வருமுன் அவர் அக்கோட்டை இழுத்தார். முதல் முகம் மிக அழகாக வந்தது; துடைத்தார். இரண்டாவது முகம் சிறுவரை அச்சுறுத்தும் மண்டையோடுபோல வந்தது, அதையும் துடைத்தார். மூன்றாவது முகத்திலே துயரம் என்று சொல்ல எதுவும் இல்லை. அரிக்கின்ற இடத்தை விரல் இன்னும் எட்டவில்லை என்ற கவனம் மட்டுமே இருந்தது. அதனை அவர் துடைக்கவில்லை.

சட்டைப் பொத்தான்களுக்குப் பித்தளை நிறத்தில் ஒவ்வொரு புள்ளி. எண் பொறிப்பதற்கு அங்கே இடம் இல்லை. ஆயினும் எந்தப் படையணியின் எண் என்பதை அவர் தீர்மானித்திருந்தார். உருவத்தை நிலத்தில் ஒட்டுமுன், உள்ளங்காலிலே பென்சிலால் அதை எழுதினார். பனிக்குச் சமையற்சோடாவைப் பாவிப்போர் உண்டு. சில ஆண்டுகளில் அது மஞ்சளாகிவிடும். அவர் நுண்ணிய கண்ணாடித் தூளைப் பசையிலே கலந்து பூசினார். ஒரு சாண் அகலமும் இல்லாத பலகையில் பனியும், முறிந்த சில்லொன்றின் பாதியும், அவனும். வேறொருவரும் இல்லை.

கழகத்தின் ஆண்டுக் கண்காட்சியிலே அதற்குப் பரிசு கிடைக்கவில்லை. பாய்கின்ற குதிரைப்படையொன்றைச் சுற்றியே கூட்டம் நின்றது. அதுவும் கைத்திறனில் மேலானதுதான். மாலையில் அந்நண்பர் இம்மேசைக்கு வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு, முகம் பலகையிலே படும் அளவுக்குக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். கழுத்துப்பட்டியின் நிறம் சரியென்றார். பின்னும் நிமிராமலே நின்றவர், தம்மையறியாமற் கையை உயர்த்தி, சட்டைக் கழுத்துக்குள் இரண்டு விரலை நுழைத்துச் சொறிந்துகொண்டார்.